துப்பாக்கியா? கையா? நூலகத்துக்குள் புகுந்த பட்டறை!

2013-ம் ஆண்டு மே மாதம். ஒரு துப்பாக்கி அமெரிக்காவையே கலக்கியது.

அந்தத் துப்பாக்கியால் யாரும் சாகவில்லை. கொள்ளை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அதிகாரிகளின் தூக்கம் கெட்டது. காரணம், அது தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி அல்ல. கம்ப்யூட்டரில் படம் போட்டு, எந்திரத்தில் "அச்சடித்து" எடுத்த பிளாஸ்டிக் துப்பாக்கி!

செய்தவர் டெக்சாஸ் மாநிலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கோடி வில்சன் என்ற வாலிபர். துப்பாக்கிக்கு அவர் வைத்த பெயர் 'லிபரேட்டர்'. மொத்தம் 16 பாகங்கள். அதில் 15 பிளாஸ்டிக். மீதி ஒன்று? ஹார்டுவேர் கடையில் விற்கும் சாதாரண ஆணி! தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்க வைப்பது அந்த ஆணிதான்.

வில்சன் துப்பாக்கியை விற்கவில்லை. அதன் படத்தை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டுவிட்டார். இரண்டே நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் அது எடுக்கப்பட்டது. "உடனே நீக்கு" என்று அமெரிக்க வெளியுறவு இலாகா உத்தரவு போட்டது. அவரும் நீக்கினார். என்ன பிரயோஜனம்? அதற்குள் நகல் உலகம் பூராவும் பரவிவிட்டது.

இதில் நூலகம் எங்கே வந்தது என்கிறீர்களா?

அந்த மாதிரி 'அச்சு' எந்திரத்தை அமெரிக்க நூலகங்கள் பொதுமக்களுக்காக வாங்கி வைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. யார் வேண்டுமானாலும் போகலாம். நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் போதும். "நம்ம எந்திரத்திலேயே எவனாவது துப்பாக்கி அடித்துக்கொண்டு போய்விட்டால்?" இந்தக் கேள்வி நூலகர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

நாற்காலி செய்த கட்டடம்

நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பேயட்வில் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை நாலாயிரத்துச் சொச்சம்தான். இந்த ஊர் நூலகம் இருக்கும் கட்டடத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அது முன்பு 'ஸ்டிக்லி' என்ற பெயர்பெற்ற மரச்சாமான் தொழிற்சாலை. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அங்கே தயாராயின. பிறகு தொழிற்சாலை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. 2003-ல் நூலகம் அங்கே குடியேறியது.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நூலகப் படிப்பு படித்த ஒரு மாணவி, வகுப்பில் எழுத வேண்டிய கட்டுரைக்காக ஒரு யோசனை எழுதினார். 'நூலகத்தில் படித்தால் மட்டும் போதுமா? செய்தும் பார்க்கலாமே!' என்பதுதான் அது. இப்படி எழுதும் கட்டுரைகள் வாத்தியாரின் கட்டில் கிடந்து, கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரை தப்பித்தது. பேயட்வில் நூலகத்தின் டைரக்டர் அந்த மாணவியையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். மாநில அரசின் மானியமும் பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்தன. 2011-ல் 3-டி பிரிண்டர் வந்து இறங்கியது.

பொது நூலகத்துக்குள் இப்படிப் பட்டறை வைத்தது அமெரிக்காவிலேயே இதுதான் முதல் என்கிறார்கள். 'மேக்கர்ஸ்பேஸ்' என்று இதற்குப் பெயர். தமிழில் சொன்னால் செய்து பார்க்கும் கூடம். நாற்காலி செய்த கட்டடம் புத்தகசாலை ஆனது. புத்தகசாலைக்குள் மறுபடியும் பட்டறை வந்தது!

எந்திரம் என்ன செய்கிறது?

பிரிண்டர் என்றதும் காகிதத்தில் எழுத்தடிப்பது என்று நினைக்க வேண்டாம். இது பொருளையே அடித்துத் தரும்.

நம் ஊரில் முறுக்கு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலிருந்து மாவு இழையாக வருகிறது. கை அதைச் சுற்றிச் சுற்றி விடுகிறது. கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்கேயும். மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் இழை. தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அது சுமார் 200 டிகிரி சூட்டில் உருகி, ஊசி போன்ற மூக்கு வழியாக வருகிறது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மூக்கு நகர்ந்து ஒரு அடுக்கு போடுகிறது. அதன் மேல் இன்னொரு அடுக்கு. இப்படி நூற்றுக்கணக்கான அடுக்குகள் ஏறினால் ஒரு பொம்மையோ, பல்சக்கரமோ, உடைந்துபோன மிக்சி மூடியின் கைப்பிடியோ தயார்.

வேகம்? அதை மட்டும் கேட்காதீர்கள். உள்ளங்கை அளவுப் பொருளுக்கே சில மணி நேரம் ஆகும். முதல் அடுக்கு தட்டில் சரியாக ஒட்டாவிட்டால் அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் இடியாப்பம்தான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சிகாகோவில் சோதனை

துப்பாக்கிப் பரபரப்பு அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே 2013 ஜூலையில் சிகாகோ நகரின் தலைமை நூலகத்தில் இப்படி ஒரு கூடம் திறக்கப்பட்டது. துப்பாக்கிச் சாவுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே இந்த எந்திரமா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் திறந்தார்கள்.

மத்திய அரசு நிறுவனம் ஒன்று கொடுத்த மானியம் சுமார் இரண்டரை லட்சம் டாலர். 3-டி பிரிண்டர்களுடன், மரப்பலகையையும் அட்டையையும் லேசர் கதிரால் வெட்டும் எந்திரங்களும் வந்தன. ஆறு மாதம் நடத்திப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் மூடிவிடுவது என்று ஏற்பாடு. கூட்டம் வந்தது. டிசம்பரில் மூடவில்லை. தொடர்ந்து நடத்தினார்கள்.

விரல் முளைத்த கதை

இனி கன்சாஸ் மாநிலத்துக்கு வருவோம். 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடிய செய்தி இது.

பிறவியிலேயே ஒரு கையில் விரல் இல்லாத சிறுவன் ஒருவன். செயற்கைக் கை வைக்க விசாரித்தால் 18 ஆயிரம் டாலர் என்றார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 11 லட்சம் ரூபாய்! அதுவும் வளரும் பிள்ளை. இந்த வருடம் போட்ட கை அடுத்த வருடம் பத்தாது. பெற்றவர்கள் எங்கே போவார்கள்?

சிறுவனின் தாய் இன்டர்நெட்டில் தேடியபோது 'ரோபோஹேண்ட்' என்ற கையின் படம் கிடைத்தது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர் 2011-ல் ரம்பத்தில் கையைக் கொடுத்து விரல்களை இழந்தார். அமெரிக்காவில் பொம்மலாட்டக் கைகள் செய்யும் ஐவன் ஓவன் என்பவரை அவர் தேடிப் பிடித்தார். கடல் கடந்து இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். 2013 ஜனவரியில் கையின் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டார்கள். காப்புரிமை கேட்கவில்லை. கேட்டிருந்தால் லட்சாதிபதி ஆகியிருப்பார்களோ என்னவோ!

சரி, படம் கிடைத்தது. செய்வது யார்? குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட மாணவன் முன்வந்தான். அவனிடம் எந்திரம் கிடையாது. ஊர் நூலகத்தில் இருந்தது! அங்கே உட்கார்ந்து சுமார் 8 மணி நேரத்தில் பாகங்களை அடித்தான். ஸ்குரூவும் நைலான் கயிறும் கடையில் வாங்கினான். எல்லாவற்றையும் வீட்டில் வைத்துப் பூட்டினான். மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுக்கும், விரல்கள் மூடும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் திறக்கும். மோட்டார் கிடையாது. பாட்டரி கிடையாது. பேனா பிடிக்கலாம். பந்து பிடிக்கலாம்.

மொத்தச் செலவு சுமார் 60 டாலர். அதாவது மூவாயிரத்து எழுநூறு ரூபாய் சுமாருக்கு. 11 லட்சம் எங்கே, இது எங்கே?

யார் பார்ப்பது?

இங்கேதான் சிக்கல் முளைக்கிறது. துப்பாக்கியும் கையும் எந்திரத்துக்கு ஒன்றுதான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அப்படியானால் யார் பார்ப்பது? நூலகர்தான்.

ஆனால் அமெரிக்க நூலகர்களுக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. வாசகர் எந்தப் புத்தகம் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள். பல மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. போலீஸ்காரர் வந்து கேட்டாலும் கோர்ட்டு உத்தரவு காட்ட வேண்டும். வெடிகுண்டின் வரலாற்றைப் படிக்க ஒருவர் புத்தகம் கேட்டால், "எதுக்குய்யா உனக்கு?" என்று கேட்கக் கூடாது.

எந்திரம் வந்த பிறகு அதே நூலகர், "என்ன அடிக்கப் போறீங்க? படத்தைக் காட்டுங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று. வாசகர் பைலைக் கொடுக்க வேண்டும். ஊழியர் பார்க்க வேண்டும். ஆயுதம் கூடாது. சட்டவிரோதமான பொருள் கூடாது. பிறர் உரிமை வைத்திருக்கும் பொம்மையைக் காப்பியடிக்கக் கூடாது. இப்படி விதிகளை எழுதி மாட்டினார்கள். விதி எழுதுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த நூலகங்களுக்காக அமெரிக்க நூலகச் சங்கமும் 2014-ல் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது.

விதி எழுதிவிட்டால் ஆயிற்றா? ஒருவர் முழுத் துப்பாக்கியின் படத்தோடு வந்து நின்றால் யாருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கு ஒரு சுருள்வில், மறுநாள் வேறு கிளையில் ஒரு குழாய் என்று தனித்தனியாகக் கொண்டு வந்தால்? 'கதவுத் தாழ்ப்பாள்' என்று சொன்னால் நூலகர் நம்பத்தானே வேண்டும்! அவர் என்ன, போலீஸ் ஆயுத நிபுணரா?

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. திருட்டுத்தனமாகச் செய்கிறவன் தேடுவது ஆளில்லாத அறை. நூலக எந்திரம் இருப்பதோ நாலு பேர் நடமாடும் இடத்தில். பையன்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். மணிக்கணக்கில் அங்கே ஒரு துப்பாக்கிக் குழாய் வளர்ந்துகொண்டிருந்தால், "இது என்ன மாமா?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிடும். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கிக்கொள்ள வசதியுள்ளவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2013-லேயே அப்படி மேசை எந்திரங்கள் கடைக்கு வந்துவிட்டன.

வெடித்த துப்பாக்கி

அந்த பிளாஸ்டிக் துப்பாக்கி உண்மையிலேயே சுடுமா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போலீசார் அதே மே மாதம் சோதித்துப் பார்த்தார்கள். 1,700 ஆஸ்திரேலிய டாலர் எந்திரத்தில், 35 டாலர் பிளாஸ்டிக்கில், 27 மணி நேரத்தில் துப்பாக்கி தயார். இரண்டு செய்தார்கள். ஒன்றில் சுட்ட குண்டு சோதனைக் கட்டிக்குள் ஆழமாகப் பாய்ந்தது. மற்றொன்று சுடும்போதே வெடித்துச் சிதறியது! எதிரே நிற்பவனுக்கு ஆபத்து. பிடித்திருப்பவனுக்கும் ஆபத்து. அந்தப் படத்தைப் போலீசாரே வெளியிட்டார்கள்.

காசு யாருடையது?

துப்பாக்கி விவகாரத்தைவிட அன்றாடம் எழும் சண்டை வேறு. வரி கட்டுகிறவர் கேட்கிறார்: 'புத்தகம் வாங்கக் கொடுத்த பணத்தில் பொம்மை அடிக்கும் எந்திரமா?' நியாயமான கேள்விதான். எந்திரம் வாங்கினால் முடிந்துவிடாது. ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத எந்திரம் மூலையில் உறை போட்டுத் தூங்கும். அதனால்தான் பல நூலகங்கள் எந்திரத்துக்கு வாடகை இல்லை, பிளாஸ்டிக்குக்கு மட்டும் எடைக்குத் தக்கபடி காசு என்று வைத்தன.

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கியில் இதைப் பெரிய அளவிலேயே செய்தார்கள். 2018 டிசம்பர் 5-ந் தேதி திறந்த 'ஊடி' நூலகத்தின் செலவு சுமார் 98 மில்லியன் யூரோ. பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மூன்றாவது மாடியில் புத்தகம். இரண்டாவது மாடி முழுக்கப் பட்டறை, பாட்டுப் பதிவு அறை, விளையாட்டு அறை. 3-டி பிரிண்டர், லேசர் வெட்டு எந்திரம் எல்லாம் உண்டு. அவற்றுடன் வரிசையாகத் தையல் மிஷின்கள்! பேண்டுக்கு ஓரம் அடிக்க, திரைச்சீலை தைக்க ஆட்கள் வருகிறார்கள். புதுமை என்றதும் எல்லோரும் ரோபோவைத் தேடுவார்கள். ஜனங்களுக்குத் தேவை சில நேரம் கிழிந்ததைத் தைப்பதுதான். இதைப் புரிந்துகொண்ட ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நூலகங்கள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. வாசகர் இல்லை. எந்திரங்கள் சும்மா கிடந்தன. ஆஸ்பத்திரிகளிலோ டாக்டருக்கும் நர்சுக்கும் முகத்தை மறைக்க ஒரு கவசம் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நூலகங்கள் எந்திரத்தை ஆஸ்பத்திரிக்கே கொடுத்தன. வேறு பல ஊர்களில் ஊழியர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் சமையல்கட்டு மேசையில் வைத்து ஓட்டினார்கள். நெற்றியில் மாட்டும் பட்டையை எந்திரம் அடித்துக் கொடுத்தது. முன்னால் ஒரு கண்ணாடித்தாளைச் செருகினால் கவசம் தயார். பட்டை ஒன்று அடிக்கவே வெகுநேரம் ஆனது. எந்திரங்கள் ராத்திரி பகலாக ஓடின.