எண்ணித் திரும்பும் கட்டளை

கல்முனைக்கு வடபால் உள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர் என்பதை நம் பழைய மாணவர் அறிவர். ஒரு சாரத்துக்குப் பாவு ஓட்டுகையில் பத்து வெள்ளையிழை, அடுத்து இரண்டு நீலவிழை, இவ்வாறு இருபது முறை என்று கணக்கு வகுத்ததாகக் கொள்வோம். நெசவாளர் இருநூற்று நாற்பது இழைகளையும் தனித்தனியே ஏட்டில் எழுதிவைப்பதில்லை. செய்ய வேண்டியதையும், எத்தனை முறை என்பதையும் மனத்திற் கொண்டால் போதும். கணினிச் செய்நிரலில் இதனையே எண்ணிக்கை மீள்செயல் என்கிறோம்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று. பிரான்சு தேசத்து ஜக்கார்ட், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைத் தறியை இயக்கிய முறையையே பாபேஜ் தம் கணிப்பொறிக்கு மேற்கொள்ள எண்ணினார். அப்பொறிபற்றி 1843 இல் அடா லவ்லேஸ் அம்மையார் வரைந்த குறிப்புகளில், ஒரே செயற்றொகுதி திரும்பத் திரும்ப நிகழும் சுற்றுக்கள் விளக்கப்பட்டுள்ளன. 1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியில் அது தனிக் கட்டளையாகவே அமைந்தது.

இனி, தொடக்க மாணவர் இடறும் இடத்துக்கு வருவோம். ஏழாம் வாய்பாட்டைப் பன்னிரண்டு வரை அச்சிட வேண்டும். பாஸ்கல் மொழியில் 1 முதல் 12 வரை என்று எழுதினால் 12 உம் அடங்கும். அதே பழக்கத்தில் பைதன் மொழியில் ரேஞ்ச்(1, 12) என்று எழுதும் மாணவனுக்கு 77 உடன் வாய்பாடு நின்றுவிடுகிறது. 84 ஐக் காணோம். கணினி பிழை கூறுவதுமில்லை. விடை ஏறக்குறையச் சரியாகத் தோன்றுவதே இப்பிழையின் கொடுமை. மேற்சொன்ன பாவில் வெள்ளையிழைக்கு ரேஞ்ச்(1, 10) என்று வைத்தால் ஒரு முறைக்கு ஓர் இழை குறையும். இருபது முறைக்கு இருபது இழை!

பைதன் ஏன் மேலெல்லையை விலக்குகிறது? மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்தால் வருவதே சுற்றின் எண்ணிக்கையாகும் வசதிக்காகவே. ரேஞ்ச்(0, 12) பன்னிரண்டு முறை சுற்றும். டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1982 இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், எண்ணுதலைச் சுழியிலிருந்து தொடங்குவதே சிறந்தது என இவ்வழியில் வாதித்தார். இக்காரணத்தைக் கூறாது வாய்பாடாக ஒப்புவிக்கச் செய்வதனால்தான் மாணவர் வெருள்கின்றனர் என்பது எமது துணிபு.

மற்றொரு பிழை கூட்டுத்தொகையில் நேர்வது. ஒன்று முதல் நூறு வரை கூட்டினால் 5050 வரவேண்டும். தொகையைச் சுழியாக்கும் கட்டளையைச் சுற்றுக்கு வெளியே, முன்னதாக வைத்தல் வேண்டும். அதனை உள்ளே வைத்தவன் ஒவ்வொரு சுற்றிலும் முன்னைய தொகையை அழித்துவிடுகிறான். இறுதியில் எஞ்சுவது 100 மட்டுமே. இதற்கு மருந்து கணினியில் இல்லை, கடதாசியில் உண்டு. எண்ணி என ஒரு நிரல், தொகை என ஒரு நிரல் கீறி, முதல் மூன்று சுற்றைக் கையால் நிரப்பிப் பார்க்கட்டும். இரண்டாம் வரியிலேயே 3 வரவேண்டிய இடத்தில் 2 நிற்கக் காண்பான்.