ஷட்டர் இறங்கினால்தான் இவர்களுக்கு வீடு!

சென்னை, பாரிமுனையில் இரவு கடை ஷட்டர்கள் இறங்கிய பிறகுதான் பல குடும்பங்களுக்கு 'வீடு' கிடைக்கிறது. நடைபாதையில் பாயை விரித்தால் அதுதான் வீடு!

இவர்கள் சோம்பேறிகள் அல்ல. மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூ விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் உண்டு.

"காப்பகம் இருக்கே, போக வேண்டியதுதானே?" என்று கேட்பது சுலபம். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. மாநகராட்சி காப்பகங்களும் நடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெஞ்சாதி ஒரு பக்கம் என்றால் பிள்ளைகள் எந்தப் பக்கம்?

கண்ணகி நகரில் வீடு கொடுத்தாலும் தொல்லைதான். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வந்து சேருவதற்குள் மூட்டை தூக்கும் வேலை கை மாறிவிடும்!

வேலைக்குப் பக்கத்தில், குடும்பத்தோடு தங்க ஒரு கூரை. அது கிடைக்கும்வரை இவர்கள் கடை வாசலை விட்டு எங்கே போவார்கள்?