50 அடிப் பாம்பு நிஜமா?

பெருமுக்கல் மலையில் 50 அடிப் பாம்பு பிடிபட்டதாக நாளை உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு காணொளி வரலாம். நம்புவதற்கு முன் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். கிரேனில் தொங்கிய ஒரு ராட்சதப் பாம்பை ஜார்க்கண்டின் தன்பாத்தில் பிடித்ததாகச் சொன்னார்கள். அதே காணொளி கரீபியன் தீவான டொமினிக்காவின் பெயரிலும் சுற்றியது. பாம்பு கேமராவுக்கு அருகிலும் ஆட்கள் தள்ளியும் இருந்தால் எந்தப் பாம்பும் பூதாகரமாகத் தெரியும். நீளமான கழியில் மாட்டி நீட்டினால் சாரையும் மலைப்பாம்பாகிவிடும். தோலை வைத்தும் அளக்க முடியாது. உரிக்கும்போதே அது இழுபட்டு நீண்டுவிடும்.

நம் ஊர் மலைப்பாம்பு சாதாரணமாக 10 அடி இருக்கும். 15 அடி என்றாலே அபூர்வம். அதற்கு விஷம் கிடையாது. உதட்டோரக் குழிகளால் இரையின் உடல் சூட்டை உணர்ந்து இருட்டிலும் குறி தவறாமல் பாயும்.

உலகிலேயே நீளமான பாம்பு தென்கிழக்காசியாவின் வலைக்கோல மலைப்பாம்பு. அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட 'மெடூசா' 2011-இல் 7.67 மீட்டர், அதாவது சுமார் 25 அடி என்று கின்னஸ் பதிந்தது. 30 அடிப் பாம்பை உயிரோடு கொண்டுவருபவருக்கு நியூயார்க் விலங்கியல் சங்கம் அறிவித்த பரிசு 50,000 டாலர் வரை உயர்ந்தும், கடைசிவரை யாரும் அதைப் பெறவில்லை. ஆனால் மலைப்பாம்பு மனிதரை விழுங்கியது என்ற செய்திகள் எல்லாமே கட்டுக்கதை அல்ல. இந்தோனேசியாவில் 2017-இலும் 2018-இலும் அது நடந்தது.

பாம்பின் நீளம் பற்றி நான் பெரிதும் மதிக்கும் சாட்சிகள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் ஃப்ளோரிடா அவர்களை அழைத்தது. தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே புதருக்குள் பாம்பைக் கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அவற்றில் பெரிய பெண் பாம்பின் நீளம் 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

50 அடிப் பாம்பு ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். கட்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை ஆராய்ந்து, ரூர்க்கி ஐஐடி அறிஞர்கள் 2024-இல் 'வாசுகி இண்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் என்பது மதிப்பீடு. அது வாழ்ந்தது 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

வாட்ஸ்அப் புரளிகளுக்குப் பலியாவது வயலில் எலி பிடிக்கும் சாரைதான். பெரிய பாம்பைக் கண்டால் கம்பை எடுக்காதீர்கள். விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.