ஆகாயத்திலும் மேஸ்திரியா?

நைனார்பாளையம் பக்கத்தில் கரும்பு வெட்ட வரும் ஆட்களுக்குக் கூலி பேசுபவர் மேஸ்திரி. கூலி குறைந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும். ஆகாயத்திலும் இதே ஏற்பாடு வந்துவிட்டது என்றால் நேயர்கள் வியப்படையலாம். 2023 ஜனவரியில் அமேஸான் பெயர் தாங்கிய சரக்கு விமானங்கள் நம் நாட்டில் பறக்கத் தொடங்கின. ஓட்டியவர்களோ, க்விக்ஜெட் என்ற பெங்களூர்க் கம்பெனியின் சிப்பந்திகள்! ஓய்வு நேரத்துக்குச் சர்க்கார் விதி உண்டு. சம்பளத்துக்கும் உத்தியோக நிலைக்கும் யாரைக் கேட்பது?

அமெரிக்காவில் பெடெக்ஸ் விமானிகள் கெட்டிக்காரர்கள். கம்பெனியின் விமானங்களைத் தங்கள் பட்டியலில் உள்ளவர்களே ஓட்ட வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். சிறு விமானங்களுக்கு விலக்கு உண்டு. அப்படியொரு ஷரத்து இல்லாத இடத்தில் குத்தகை கைமாறினால், சரக்கு புதியவரிடம் போய்விடும். பழைய விமானி வீட்டில் உட்கார வேண்டியதுதான்.