படம் திருத்தப் பழகுவோம்



பேனா வாங்கக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிப் பார்க்கிறோம். மை சீராக இறங்குகிறதா, கைக்கு இசைவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்கிறோம். புகைப்படங்களைத் திருத்த உதவும் மென்பொருளையும் இவ்வாறு சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியும். அதற்குப் பத்து நிமிடமும் ஒரு வெள்ளைப் பூவும் போதும். ஆனால், சோதனையில் இறங்கும் முன், கணிப்பொறிக்குள் ஒரு புகைப்படம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

எண்களால் ஆன படம்

கணிப்பொறித் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஒரு நிலையில் அது சின்னஞ்சிறு சதுரங்களாகத் தெரியும். இச்சதுரங்களுக்குப் 'பிக்ஸல்' என்று பெயர். நாம் படப்புள்ளி என்று அழைப்போம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதை அவை குறிக்கின்றன. வழக்கமான படக்கோப்பில் இந்த எண்கள் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் தூய வெள்ளை.

அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் கொண்ட ஒரு கைப்பேசிப் படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அப்படியானால் 3 கோடியே 60 லட்சம் எண்கள்! என்ன, மலைப்பாக இருக்கிறதா?

தொடக்கம் இவ்வளவு பெரிதாக இல்லை. 1957-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு புகைப்படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஏற்றினார்கள். அது கிர்ஷின் கைக்குழந்தையின் படம். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி; ஆக 30,976 புள்ளிகள் மட்டுமே. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான்.

படம் எண்களாகிவிட்டால், படத்தைத் திருத்துவது கணக்குப் போடுவதாகிவிடுகிறது. எளிமையாகச் சொன்னால், படத்தைப் பிரகாசமாக்குவது எண்களைக் கூட்டுவது. ஓரத்தை வெட்டுவது சில வரிசைகளை நீக்குவது. மஞ்சள் விளக்கின் கீழே எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்வது நீல எண்களை உயர்த்துவது. மென்பொருளின் பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது இதுதான்.

தொலைந்துபோன நரம்புகள்

அறிவியல் கண்காட்சிக்காக ஒரு நந்தியாவட்டைப் பூவைப் படம் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலுள்ள இலைகள் இருண்டு தெரிகின்றன. உடனே படத்தைப் பிரகாசமாக்கத் தோன்றும் அல்லவா? பூவின் இதழில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கு புள்ளிகளை மட்டும் கவனிப்போம். எளிமைக்காக ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை மட்டும் கொள்வோம்: 210, 225, 240, 250. இந்த ஏற்றத்தாழ்வுதான் நம் கண்ணுக்கு இதழின் மெல்லிய நரம்பாகத் தெரிகிறது.

இப்போது ஒவ்வொன்றுடனும் 40 கூட்டுங்கள். 250, 265, 280, 290 என்று வரும். ஆனால், 255-க்கு மேல் எண் கிடையாது. ஆகவே மென்பொருள் 250, 255, 255, 255 என்று எழுதிக்கொள்ளும். "அடடா, அதிகமாகிவிட்டதே!" என்று 40-ஐக் கழித்தால் கிடைப்பது 210, 215, 215, 215. பழைய 225, 240, 250 எங்கே? திரும்பி வரவில்லை! இதழின் நரம்பு மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டு மட்டுமே எஞ்சுகிறது.

மென்பொருளை மூடும் வரை, செய்ததை ரத்துசெய்யும் பொத்தானை அழுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். அதே பெயரில் சேமித்து மூடிவிட்டால், பல மென்பொருள்களில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இன்னோர் இழப்பும் உண்டு. கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் 'ஜேபெக்' முறையில் சேமிக்கப்படுகின்றன. 1992-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுட்பங்களைக் கைவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகிறது. திருத்தித் திருத்தி அதே கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும்.

இருட்டறை தரும் பாடம்

பிலிம் காலத்துப் புகைப்படக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இருட்டறையில் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் போட்டுப் பார்ப்பார்கள். பிரதி கெட்டால் ஒரு தாள் வீண். நெகட்டிவ் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து மறுபடியும் பிரதி எடுக்கலாம்.

நீங்கள் எடுத்த முதல் கோப்புதான் உங்கள் நெகட்டிவ். புதிதாகப் பழகுகிறவருக்குத் தவறு நேர்வது இயல்பு. தவறு செய்தாலும் நெகட்டிவைக் காத்துத் தருகிற மென்பொருளே அவருக்கு எளிய மென்பொருள். பொத்தான்கள் குறைவாக இருப்பது மட்டும் எளிமை ஆகாது.

பத்து நிமிடச் சோதனை

1. ஒரு வெள்ளைப் பூவைப் படம் எடுங்கள். அதை நகலெடுத்து, நகலுக்கு வேறு பெயரிடுங்கள். சோதனை நகலில்தான்.

2. சோதிக்க வேண்டிய மென்பொருளில் நகலைத் திறந்து, ஓர் ஓரத்தை வெட்டுங்கள். பிரகாசத்தை முழுமையாக ஏற்றுங்கள். சேமித்து மூடுங்கள்.

3. மீண்டும் திறந்து, வெட்டிய ஓரத்தையும் இதழின் நரம்புகளையும் திரும்பக் கொண்டுவர முயலுங்கள்.

இரண்டும் வந்துவிட்டால் மென்பொருள் தேர்வில் வென்றது. வராவிட்டாலும், சேமிக்கும்போது வேறு பெயர் கேட்டதா, பழைய கோப்பு தனியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி மதிப்பெண். கேட்காமலேயே பழையதன் மேல் எழுதிவிட்டதா? அதைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் நகல் எடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

விலையின்றிக் கிடைக்கும் சிலவற்றைப் பார்ப்போம். 'பெயின்ட் டாட் நெட்' 2004-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது. விண்டோஸ் கணிப்பொறியில் மட்டும் இயங்கும், பழகுவதற்கு இலகுவானது. திறந்திருக்கும் வரை எத்தனை படி வேண்டுமானாலும் பின்னோக்கிச் செல்லலாம், மூடினால் அவ்வளவுதான்.

'கிம்ப்' என்பதை 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கினர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பொத்தான்கள் ஏராளம், பழகச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால், 'சேமி' என்றால் தனக்கே உரிய வேறொரு கோப்பில்தான் சேமிக்கும். ஆகவே பழைய ஜேபெக் கோப்பு எளிதில் அழியாது.

'டார்க்டேபிள்' என்றால் இருட்டு மேசை என்று பொருள். பெயருக்கேற்ப இது இருட்டறையைப் போலவே நடந்துகொள்கிறது. மூலக்கோப்பைத் தொடுவதே இல்லை. "40 கூட்டு, ஓரத்தை வெட்டு" என்ற குறிப்புகளை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொள்கிறது. குறிப்பை மாற்றினால் படம் மாறும். கைப்பேசியில் திருத்துபவர்கள், 'நகலாகச் சேமி' என்ற வசதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மென்பொருளும் நிரந்தரமல்ல. பலர் விரும்பிப் பயன்படுத்திய 'பிகாசா'வை கூகுள் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. எனவே மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் நீங்களே வைத்திருப்பது நல்லது.

மூலப்படமே சாட்சி

1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழின் அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் இடம்பெற்றன. அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்க, பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்துவிட்டார்கள்! பெரும் கண்டனம் எழுந்தது.

அறிவியலில் இது இன்னும் கண்டிப்பானது. 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' என்ற ஆய்விதழ், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளிலுள்ள படங்கள் மாற்றப்பட்டனவா என்று 2002 முதல் சோதித்து வருகிறது. விதி எளிது: படம் முழுவதையும் ஒரே சீராகப் பிரகாசமாக்கலாம், நுட்பங்கள் மறையாத அளவுக்கு. ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதோ, இருப்பதை அழிப்பதோ, இல்லாததைச் சேர்ப்பதோ கூடாது. கேட்டால் மூலப்படத்தைக் காட்ட வேண்டும். இலையின் நோய்ப்புள்ளியைப் படமெடுக்கும் உங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. இருண்ட இலையின் நான்கு புள்ளிகள்: 5, 20, 35, 60. ஒவ்வொன்றிலும் 40-ஐக் கழியுங்கள். 0-க்குக் கீழே எண் இல்லை என்பதை மறவாதீர்கள். பிறகு 40-ஐக் கூட்டுங்கள். எந்த ஓர் எண் மட்டும் தப்பிப் பிழைக்கிறது? விடையைக் கண்டுபிடித்தவர்கள், இலையின் நிழலில் என்ன தொலைந்தது என்பதையும் சொல்லிவிடுவார்கள்.