ஆய்வுக்கூடத்தில் விளையும் இன்சுலின் அணுக்கள்: மலேசியத் தமிழர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

'இனிப்பு நீர்' என்று நம் பாட்டன்மார் வழங்கிய நோய், இன்று பினாங்குத் தீவிலும் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த், பிறை வட்டாரங்களிலும் வாழும் தமிழர் இல்லங்களில் நெடுநாள் உறவினரைப் போலத் தங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனக் காட்டிற்று. இந்தியரை மட்டும் தனித்து நோக்கின் அவ்வளவு ஏறத்தாழ 31 விழுக்காடாக இருந்தது. நாட்டின் பெரிய இனங்களுள் இதுவே மிகுதி. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டளவிலான விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தது. எனினும் நம்மவர் ஆறுதல் கொள்வதற்கு இது போதாது.

இச்சூழலில், இன்சுலின் சுரக்கும் அணுக்களை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்து நோயாளியின் உடலில் செலுத்தும் முறை வெற்றி கண்டுள்ளது என்னும் செய்தி நம்மிடையே பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியுள்ளது. செய்தி மெய்யே. ஆயினும் அது யாருக்கு உரிய வெற்றி என்பதை ஆராய்ந்தறிதல் வேண்டும்.

கணையத் தீவுகள்

இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பது. அதனூடே கடலில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் நுண்ணிய அணுத்திரள்களை 1869ஆம் ஆண்டில் பவுல் லாங்கர்கான்ஸ் என்னும் செருமானிய மாணவர் கண்டறிந்தார். கணைய எடையில் ஓரிரு விழுக்காடே ஆகும் இத்தீவுகளில் உள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. இவ்வணுவை வெறும் சுரப்பி எனக் கருதுதல் பொருந்தாது. அது ஓர் அளவுகோலும் ஆகும். குருதியில் சர்க்கரை ஏறும்பொழுது அதனை உட்கொண்டு எரித்து, அவ்வெரிப்பின் அளவைக் கொண்டே எவ்வளவு இன்சுலினை வெளிவிடுவது என அது முடிவு செய்கின்றது. சர்க்கரை இறங்கினால் சுரப்பும் அடங்குகின்றது. ஊசிவழிச் செலுத்தும் இன்சுலினுக்கு இவ்வறிவு இல்லை. நாசி கண்டார் உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஏற்றிய மருந்து தன் வேலையைச் செய்தே தீரும்.

முதல் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே பீட்டா அணுக்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுகின்றது. இரண்டாம் வகையில் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றது. அதனை ஈடுகட்ட முயன்று முயன்று பீட்டா அணுக்கள் நாளடைவில் நலிகின்றன. நம் சமூகத்தில் காணப்படுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையே. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

கொடையிலிருந்து வளர்ப்புக்கு

அழிந்த அணுவுக்கு மாற்றாக வேறோர் அணுவைச் செலுத்தலாம் என்பது 2000ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் சப்பிரோ குழுவினர், இறந்தோர் கொடையளித்த கணையங்களிலிருந்து தீவுகளைப் பிரித்து ஏழு நோயாளிகளின் கல்லீரல் நாளத்தில் செலுத்தினர். எழுவரும் இன்சுலின் ஊசியினின்று விடுபட்டனர். ஆயினும் ஒரு நோயாளிக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குப் பின் நோக்கியபொழுது இம்முறையில் மருத்துவம் பெற்றோருள் ஊசியின்றி வாழ்ந்தோர் பத்து விழுக்காட்டளவினரே. உறுப்புக்கொடை அருகியுள்ள மலேசியா போன்ற நாட்டில் இது பலருக்கும் எட்டும் மருத்துவமாக அமைதல் அரிது.

ஆகவே அணுக்களை வளர்த்தெடுத்தல் தேவையாயிற்று. அதே 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில், விஜயகுமார் ரமியாவை முதலாசிரியராகக் கொண்ட ஆய்வுக்குழு, எலியின் கணையக் குழாய்களிலிருந்து எடுத்த அணுக்களைத் தீவுகளாக வளர்த்து, நீரிழிவுற்ற எலிகளின் நோயை மாற்றிக் காட்டிற்று. மனித அணுக்களில் இதனைச் செய்ய மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இதன் மூலப்பொருள், எவ்வகை அணுவாகவும் மாறவல்ல அணு. தமிழில் குருத்தணு, மூல உயிரணு, ஸ்டெம் செல் எனப் பலவாறு இது வழங்குகின்றது. வாழைக் குருத்து விரிந்து இலையாவதை அறிந்த நமக்குக் குருத்தணு என்னும் சொல்லே பொருத்தமாகப் படுகின்றது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளசு மெல்டன், தம் மக்கள் இருவர் முதல் வகை நீரிழிவுக்கு ஆளானமையால் தம் ஆய்வையே இத்துறைக்குத் திருப்பியவர். 2014இல் அவர் குழு வெளியிட்ட முறை, கருவில் கணையம் உருவாகும் படிகளை அவ்வாறே பின்பற்றுவது. குருத்தணுவைக் குறித்த நாளில் குறித்த வேதிப்பொருள்களில் நனைத்து முதலில் குடலின் முன்னோடியாகவும், அடுத்துக் கணையத்தின் முன்னோடியாகவும், இறுதியில் பீட்டா அணுவாகவும் ஆறு படிகளில் மாற்றுகின்றனர். இதற்கு ஒரு திங்களுக்கு மேல் ஆகின்றது. ஒரு படி பிழைத்தால் வேறோர் அணு விளையும்; மாறாது எஞ்சிய குருத்தணு உடலுள் சென்றால் கட்டியாக வளரவும் கூடும். எனவேதான் தூய்மைச் சோதனை இம்முறையின் உயிர்நாடியாக உள்ளது.

வெற்றியின் மறுபக்கம்

இவ்வழியில் உருவான அணுக்களை வெர்டெக்சு நிறுவனம் நோயாளிகளுக்குச் செலுத்தி, 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் முடிவுகளை வெளியிட்டது. முழு அளவு பெற்ற 12 பேருள் 10 பேர் ஓராண்டின் முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். சீனாவில் தெங் ஓங்குயி குழுவினர் ஒரு பெண்ணின் சொந்த உடலணுக்களையே வேதிப்பொருள்களால் குருத்தணுவாக்கி, அவற்றிலிருந்து தீவுகளை வளர்த்து அவர்தம் வயிற்றுத் தசைப் பகுதியில் பதித்தனர். 75 நாள்களில் அவருக்கு ஊசி தேவைப்படவில்லை என 2024இல் அறிவித்தனர். அதே ஆண்டில் சாங்காய் மருத்துவர்கள், இரண்டாம் வகை நீரிழிவுடைய 59 அகவை ஆடவர் ஒருவர் 2021இல் இவ்வகை மருத்துவம் பெற்று ஊசியினின்று விடுபட்டதை வெளியிட்டனர்.

இம்மூன்று செய்திகளிலும் தலைப்புக்குள் அடங்காத ஓர் ஒற்றுமை உண்டு. வெர்டெக்சு ஆய்வில் சேர்ந்தோர் அனைவரும் நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டியிருந்தது. சீனப் பெண் முன்னரே கல்லீரல் மாற்று பெற்றவர். சாங்காய் ஆடவர் 2017இல் சிறுநீரக மாற்று பெற்றவர். இவ்விருவரும் அம்மருந்துகளை ஏற்கெனவே உட்கொண்டு வந்தவர்கள். ஊசியை விட்டார்கள் என்பது உண்மை. மருந்தை விட்டார்கள் என்பது உண்மையன்று. அம்மருந்துகள் தொற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. வெர்டெக்சு ஆய்வில் இறந்த இருவருள் ஒருவர் மூளையுறைத் தொற்றால் இறந்தார்.

ஆக, அணுவை விளைவிக்கும் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது; விளைந்த அணுவைக் காக்கும் சிக்கலே எஞ்சியுள்ளது. அணுக்களைச் சிறு உறைக்குள் இட்டுக் காக்கும் வெர்டெக்சின் மற்றொரு முயற்சி போதிய பயன் தராமையால் 2025இல் கைவிடப்பட்டது. சுவீடனின் உப்சாலாவில், கொடை பெற்ற அணுக்களின் மரபணுவைத் திருத்தி, ஒடுக்கும் மருந்தின்றியே ஒருவரின் முன்கைத் தசையில் பதித்தனர். 12 வாரங்களின் பின்னும் அவ்வணுக்கள் இன்சுலின் சுரந்தன. மிகச் சிறிய அளவே செலுத்தப்பட்டமையால் அவர் ஊசியை நிறுத்த இயலவில்லை. எனினும் இத்துறையில் நாம் மிகவும் உற்றுநோக்க வேண்டியது இச்சிறு முயற்சியையே எனலாம்.

நம்மவர் நிலை

'ஸ்டெம் செல்' என்னும் பெயரில் மாத்திரைகளும் பானங்களும் ஊசிகளும் நம்மிடையே விற்கப்படுகின்றன. மேலே விளக்கிய அணுக்களுக்கும் இவற்றுக்கும் எத்தொடர்பும் இல்லை. உயிருள்ள அணுவை மாத்திரையில் அடைத்து விழுங்கினால் அது செரிந்துபோகும் என்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை.

இரண்டாம் வகை நீரிழிவாளரின் நிலை வேறு. அவர்தம் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத வரையில் புதிய அணுக்களும் பழைய அணுக்களைப் போலவே உழைத்து நலியக்கூடும். மாத்திரையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சர்க்கரையை அடக்கி வைத்துள்ள ஒருவர், அதன்பொருட்டு நோயெதிர்ப்பை ஒடுக்கிக்கொள்வது வேலிக்குப் பயந்து வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும் சாங்காய் ஆடவரின் கதை நமக்கு முற்றும் அயலானதன்று. மலேசியாவில் புதிதாகக் குருதிச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். அவர்களுள் சிறுநீரக மாற்று பெறுவோர் மிகச் சிலர். அச்சிலர் ஒடுக்கும் மருந்தை எப்படியும் உட்கொள்ளவே வேண்டும் என்பதால், ஆய்வுக்கூட அணுக்கள் இந்நாட்டுக்கு வரும் காலத்தில், இரண்டாம் வகை நீரிழிவுடைய நம்மவருள் முதலில் பயன்பெறத் தக்கவர்கள் அவர்களே எனக் கருத இடமுண்டு.