விற்றவர் திரும்பப் பெறட்டும்

கலிஃபோர்னியாவில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரியைக்கூட வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. 2006 முதல் அதுதான் விதி. சரி, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அந்தச் சுமை பெரும்பாலும் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. வரிப்பணத்தில் சேகரிப்பு மையங்கள் நடத்தினார்கள். மையம் தூரமாக இருந்தவர்கள் பழையபடி குப்பைத் தொட்டியிலேயே போட்டார்கள்.

லித்தியம் பேட்டரி பெருகியதும் இது உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளும் ஒட்டாமல் காப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். குப்பை லாரி அழுத்தும்போதோ, தரம் பிரிக்கும் கூடத்து இயந்திரத்தில் நசுங்கும்போதோ அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். சூடு மளமளவென்று ஏறி, உள்ளிருக்கும் திரவம் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் காய்ந்த அட்டையும் காகிதமும். அங்கே நின்று குப்பை பிரிக்கும் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டம்பரில் சான் கார்லோஸ் நகரின் ஷோர்வே குப்பை பிரிப்பு மையம் பெருந்தீயில் சிக்கியது. லித்தியம் பேட்டரி மீதுதான் சந்தேகம். அது பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் பொதுச் சொத்து. நட்டத்தில் பேட்டரி விற்றவர்களுக்குப் பங்கில்லை.

இந்த அநியாயத்தைத்தான் 2022-ல் சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி இர்வின் கொண்டுவந்த மாநிலச் சட்டம் தொட்டது. சேகரிப்பு, போக்குவரத்து, மறுசுழற்சி எல்லாவற்றுக்கும் உற்பத்தியாளர்களே திட்டம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். மக்கள் இலவசமாகக் கொடுக்கலாம். வெர்மான்ட் மாநிலம் ஒருமுறை பயன்படுத்தும் பேட்டரிகளுக்கு 2014-லேயே இப்படிச் சட்டம் இயற்றியது. வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் 2023-ல் வந்தது. அங்கே சேகரிப்பு 2027-ல் தொடங்க வேண்டும்.

ஆனால் கலிஃபோர்னியா ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டது. மின்சாரப் பல்துலக்கி, காதில் செருகும் இயர்பட்ஸ், வேப் போன்றவற்றில் பேட்டரி உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. இவை உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டத்துக்குள் வரவில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் இவற்றில் பலவற்றுக்கு வாங்குபவரிடமே கட்டணம் வசூலிக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மூடியைத் திருகாணியால் பூட்டுவதா, பசையால் ஒட்டுவதா என்று முடிவெடுப்பது நிறுவனம். வாங்குபவரை அதில் யாரும் கேட்பதில்லை. கழற்றும் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஏறினால்தான், அடுத்த மாடல் வரைபடத்திலேயே அந்தப் பசைக்குப் பதில் திருகாணி வரும்.